பத்து ரூபாயின் பதினான்கு முகங்கள்

உங்கள் வீட்டு உண்டியலையோ சமையலறைக் கடுகு டப்பாவையோ கொஞ்சம் கொட்டிப் பாருங்கள். 1992-க்கும் 2004-க்கும் நடுவில் அடித்த ஒரு ரூபாய் ஒன்றும், 2011-க்குப் பிறகு வந்த இரண்டு ரூபாய் ஒன்றும் தேடி எடுங்கள். 2019-க்கு முந்தைய இரண்டு ரூபாயாக இருக்கட்டும். ஒன்றின் மேல் ஒன்றை வையுங்கள். கச்சிதமாகப் பொருந்தும். இரண்டும் 25 மில்லிமீட்டர். தராசில் போட்டால் இரண்டும் 4.85 கிராம். இரண்டும் எவர்சில்வர். இப்போது கண்ணை மூடிக்கொண்டு, எது ஒன்று எது இரண்டு என்று சட்டென்று சொல்லுங்கள். சொல்லிவிட்டால் உங்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. நேராக ராசிபலனுக்குப் போய்விடலாம்.

இன்னும் இருக்கிறது. 1988-ல் வந்த எட்டணாவையும் 2011-ல் வந்த ஒரு ரூபாயையும் சேர்த்து வையுங்கள். இரண்டும் 22 மில்லிமீட்டர், 3.79 கிராம். பழைய எவர்சில்வர் நாலணாவும் 2011-ன் எட்டணாவும் ஒரே 19 மில்லிமீட்டர். அதாவது நாலணாவின் நாற்காலியில் எட்டணா, எட்டணாவின் நாற்காலியில் ஒரு ரூபாய், ஒரு ரூபாயின் நாற்காலியில் இரண்டு ரூபாய். நாலணா 2011 ஜூன் 30-ந் தேதியோடு விடைபெற்றது. அடுத்த மாதமே இந்தப் புது வரிசை வந்துவிட்டது. பி.காம்.-ல் மூன்று வருஷம் பணவீக்கம் பற்றிப் படித்தேன். இவ்வளவு தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒரு படி டிமோஷன். நிதி அமைச்சகம் உலோகத்தில் எழுதிக் கொடுத்த வாக்குமூலம்!

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், புத்தகத்துக்கு எழுதுகிறோம், புதிதாகத் திறந்த பிரியாணிக் கடைக்குக்கூட எழுதுகிறோம். காசும் ஒரு பிரசுரம்தானே? மத்திய நிதி அமைச்சகம் பதிப்பாளர், நான்கு அக்கசாலைகள் அச்சகம், ரிசர்வ் வங்கி விநியோகஸ்தர். 140 கோடி வாசகர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்வை இல்லாதவரும் தினமும் கையில் எடுத்துப் படித்தாக வேண்டிய ஒரே பிரசுரம் இது. இதற்கு விமர்சனம் அபூர்வம். அதனால் இந்த வாரம் காசு விமர்சனம்.

வாசகர் தீர்ப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தென்காசிக்கு வாருங்கள். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டுப் பத்து ரூபாய் காயினை நீட்டினேன். கடைக்காரர் அதைத் தொடக்கூட இல்லை. ''இது இங்க ஓடாது அண்ணாச்சி, நோட்டா இருந்தாக் குடுங்க'' என்றார். செல்லும் என்றேன். ''செல்லும்னு எனக்கும் தெரியும். நான் குடுத்தா யாரும் வாங்க மாட்டாவளே!'' என்றார். பொருளாதார மேதைகள் பக்கம் பக்கமாக எழுதும் பணத் தத்துவத்தை அவர் பால் ஆற்றிக்கொண்டே சொல்லி முடித்துவிட்டார். அடுத்தவன் வாங்குவான் என்ற நம்பிக்கைதான் பணம். அந்த நம்பிக்கை போனால் மிச்சம் இருப்பது இரண்டு நிறத்தில் ஒரு வட்டத் தகடு.

அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். பத்து ரூபாய் காயினுக்காகவே ஆண்டவன் படைத்த ஊர் என்று அதைச் சொல்லலாம். யோசித்துப் பாருங்கள். மெயின் அருவியில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். செல்போன் ரூமில். நோட்டு கொண்டுபோனால் கூழாகிவிடும். க்யூஆர் அட்டையை ஸ்கேன் பண்ண உங்களிடம் எதுவும் இல்லை. குளித்து முடித்து நடுங்கிக்கொண்டு வரும்போது ஒரு சூடான டீயும் நேந்திரங்காய் சிப்ஸும் வேண்டுமானால், நனைந்தாலும் கவலைப்படாத பணம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பணத்தைத்தான் அந்தச் சாரலில் வாங்க ஆள் இல்லை. போன சீசனில் ரம்புட்டான் விற்ற ஒரு பாட்டி மட்டும் என் காயினை வாங்கினார். அதுவும், திருப்பித் திருப்பிப் பார்த்து, கோடுகளை எண்ணி!

ஏன் எண்ணினார் என்பதில் கதை இருக்கிறது. பத்து ரூபாய் காயின் 2005-லேயே அடிக்கப்பட்டு, 2009-ல்தான் புழக்கத்துக்கு வந்தது. அதில் ஒரு டிசைனில் பத்து என்ற எண்ணுக்கு மேலே 15 கதிர்கள். ரூபாய்ச் சின்னம் கிடையாது. 2011-ல் வந்த டிசைனில் 10 கதிர்கள், சின்னம் உண்டு. உடனே யாரோ கிளப்பிவிட்டார்கள், பத்துக் கதிர் இருந்தால் அசல், பதினைந்து இருந்தால் போலி, சின்னம் இல்லாவிட்டால் நிச்சயம் போலி என்று. நம் கள்ளக்குறிச்சிக்காரர் உதயகுமார் வரைந்த அந்தச் சின்னத்தை அரசு ஏற்றுக்கொண்டதே 2010 ஜூலையில்தான். அதற்கு முன் அடித்த காசில் அது எப்படி இருக்கும்? தாத்தாவின் கல்யாண போட்டோவில் பேரன் எங்கே என்று தேடுகிற கதை. போதாக்குறைக்கு 2016-ல் டெல்லியில் நிஜமாகவே ஒரு கள்ளக் காசுப் பட்டறை பிடிபட, வதந்திக்குக் கால் முளைத்தது.

ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் ஓர் அறிக்கை விட்டது. இதுவரை 14 டிசைன்களில் பத்து ரூபாய் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்றது. 14440 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் திருப்பிக் கூப்பிட்டு விளக்கம் சொல்லும் ஏற்பாடும் செய்தார்கள். நல்லது. ஆனால் எனக்கு அந்த அறிக்கையே குற்றப்பத்திரிகையாகப் பட்டது. புழக்கத்துக்கு வந்து ஒன்பது வருஷம், 14 முகம்! ஒரு பழைய டிசைனுக்குக் கண் பழகுவதற்குள் அடுத்தது. நடுநடுவே தலைவர் நூற்றாண்டு, நிறுவனப் பொன்விழா என்று நினைவுக் காசுகள் வேறு. நினைவுக் காசைத் தனியாக வெள்ளியில் அடித்துப் பெட்டியில் வைத்து விற்கலாம், அதற்கு ஆள் இருக்கிறது. டீக்கடைக் காசில் எதற்கு இத்தனை கொண்டாட்டம்? ஜனங்கள் முட்டாள்தனமாக வதந்தியை நம்பினார்கள் என்று பேசுவது சுலபம். ஒரே தொகைக்குப் பதினான்கு விதமாகக் கையெழுத்துப் போட்டால் எந்த பாங்க்கில் நம் செக்கைப் பாஸ் பண்ணுவார்கள்?

நம்மூர் ஜனங்களுக்குக் காசுக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் அவரைச் செங்கோட்டைக்கு அனுப்ப வேண்டும். குற்றாலம் வெள்ளைக்காரனின் சென்னை மாகாணம். பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் செங்கோட்டையோ 1956 நவம்பர் 1 வரை மலையாள சர்க்கார் பக்கம். திருவிதாங்கூருக்குத் தனிக் காசு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். இங்கிலீஷ் ரூபாய்க்கு மாற்றினால் 28 சக்கரமும் 8 காசும். அதாவது இருபத்தெட்டரை! இந்த அரையை வைத்துக்கொண்டு, தென்காசிச் சந்தைக்கு வந்து போன ஒரு வியாபாரி மனசுக்குள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். கால்குலேட்டர் கிடையாது. சின்னஞ்சிறு வெள்ளிச் சக்கரங்களை எண்ணக் குழிகள் போட்ட ஒரு சக்கரப் பலகை இருந்தது. காசுகளைக் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். குழி நிறைந்தால் கணக்கு முடிந்தது. 1940-கள் வரை இரண்டு சர்க்கார் காசும் பார்த்துப் பழகிய மண் இது. இன்று ஒரே சர்க்காரின் ஒரே காசு இங்கே தடுமாறுகிறது. ஆரியங்காவு தாண்டிப் புனலூர் போனால் அதே காயினை மறுபேச்சில்லாமல் கல்லாவில் போட்டுக்கொள்கிறார்கள்.

பழைய பதிப்புகள் நன்றாகவே இருந்தன என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். நாற்பது தாண்டியவர்களுக்கு விரல்நுனியில் ஞாபகம் இருக்கும். அஞ்சு பைசா சதுரம். பத்து பைசா பூ மாதிரி வளைந்து வளைந்து. இருபது பைசா அறுகோணம். 1992-ல் வந்த இரண்டு ரூபாய்க்குப் பதினோரு பக்கம். சட்டைப்பைக்குள் கையை விட்டே கணக்குத் தீர்க்கலாம். பார்வையற்ற ஒருவர் ரயிலில் ஊதுபத்தி விற்றுவிட்டு யார் தயவும் இல்லாமல் சில்லறை கொடுத்தது அந்த மூலைகளின் புண்ணியத்தில். அப்புறம் 2005-ல் இரண்டு ரூபாயை வட்டமாக்கினார்கள். ஒரு ரூபாய்க்கும் அதற்கும் வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர். இரண்டும் எவர்சில்வர். அந்த வரிசையின் 'வேற்றுமையில் ஒற்றுமை' டிசைனைச் சிலுவை என்று சிலர் சண்டை பிடித்தார்கள். சண்டை போட வேண்டிய விஷயம் அந்த இரண்டு மில்லிமீட்டர்.

2007-ல் வந்த 'ஹஸ்த முத்திரை' வரிசையை மறக்க முடியுமா? எட்டணாவுக்கு மூடிய கை, ஒரு ரூபாய்க்குக் கட்டை விரல், இரண்டு ரூபாய்க்கு இரண்டு விரல். படிக்கத் தெரியாதவருக்குக் கையாலேயே எண் சொல்வது அருமையான யோசனை, அதைப் பாராட்டுகிறேன். ஆனால் நம்மூரில் ஒருவர் முகத்துக்கு நேரே கட்டை விரலை ஆட்டினால் என்ன அர்த்தம்? 'பெப்பே, ஒண்ணும் கிடையாது!' ரூபாயின் மதிப்பு பற்றி அக்கசாலை இவ்வளவு வெளிப்படையாகப் பேசியிருக்க வேண்டாம்.

அச்சகத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மும்பையும் கொல்கத்தாவும் 1829 முதல் அடிக்கிற பழம்பெரும் ஆலைகள். கொல்கத்தா 1952-ல் அலிப்பூருக்கு இடம் மாறியது. ஹைதராபாத் நிஜாம் காலத்தது. சைபாபாதில் இருந்த அதன் பழைய கட்டடம் 2022-ல் மியூசியமாகிவிட்டது. நொய்டா 1988-ல் வந்த கடைக்குட்டி. கொற்கைக்குப் பக்கத்தில் அக்கசாலை என்றே ஓர் ஊரை வைத்திருக்கும் நமக்கு, சென்னைத் தங்கசாலையை 1869-ல் மூடியதோடு சரி, தெருப் பெயர் மட்டும் மிச்சம். 2006 முதல் நான்கு ஆலைகளும் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கீழ். தகட்டிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டி, சூடாக்கி இளக்கி, விளிம்பை உயர்த்தி, இரண்டு அச்சுக்கு நடுவில் வைத்து ஒரே அடி. வேலை சுத்தம். பதினைந்து வருஷம் கைமாறியும் எண் அழியாத காசுகளைப் பார்க்கிறோமே!

அவர்களுக்குத் தலைவலி உலோக விலை. 2018-ல் தகவல் உரிமைச் சட்டத்தில் வந்த பதில்படி, ஒரு ரூபாய் அடிக்க 1 ரூபாய் 11 காசு செலவு. இரண்டு ரூபாய்க்கு 1.28, ஐந்துக்கு 3.69, பத்துக்கு 5.54. முதல் வரி நஷ்டக் கணக்கு. உலோகம் முகமதிப்பைத் தாண்டினால் காசு காணாமல் போய்விடும். 2007-ல் நம் சில்லறை எல்லை தாண்டி வங்காளதேசத்தில் சவரபிளேடு ஆவதாகச் செய்தி வந்தது. ஒரு ரூபாயில் பல பிளேடு! அதனால் காசு இளைப்பதும் உலோகம் மாறுவதும் தவிர்க்க முடியாதவை. இரண்டாம் உலகப் போரில் செம்பு மிச்சம் பிடிக்க வெள்ளைக்காரன் 1943-ல் காலணாவில் ஓட்டை போட்டான். அதையும் ஜனங்கள் வாங்கினார்கள். ஓட்டைக் காலணா என்று பேரும் வைத்தார்கள். பாருங்கள், அது முழுக்க மாறியிருந்தது. ஓட்டை இருந்தால் காலணா, வேறு எதிலும் ஓட்டை இல்லை. இளைத்த காசு இன்னொரு காசின் உடம்பில் புகுந்துகொள்ளவில்லை.

2019 வரிசையில் கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது. பார்வையற்றவர்களை மனதில் வைத்து, மதிப்பு ஏற ஏற எடையும் ஏறுகிற மாதிரி செய்திருக்கிறார்கள். ஒரு ரூபாய் 20 மில்லிமீட்டர், இரண்டு 23, ஐந்து 25, பத்து 27. புதிய இருபது ரூபாயும் 27-தான். ஆனால் அதற்குப் பன்னிரண்டு பக்கம். மூலைகள் திரும்பி வந்துவிட்டன, சந்தோஷம். சிக்கல் என்னவென்றால், பழைய பதிப்பை யாரும் திரும்பப் பெறவில்லை. பழைய ஐந்து ரூபாய் 23, புதிய இரண்டு ரூபாயும் 23. 1992-ன் ஒரு ரூபாய் உட்கார்ந்திருந்த அந்த 25 மில்லிமீட்டர் நாற்காலியில், 2011-ல் இரண்டு ரூபாய் உட்கார்ந்து எழுந்து, இப்போது ஐந்து ரூபாய் உட்கார்ந்திருக்கிறது. மூன்றும் ஒரே கல்லாவில். வாங்குபவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. நோட்டில் பதினைந்து மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. காசில் இந்தியும் இங்கிலீஷும் மட்டும். 1995 உலகத் தமிழ் மாநாட்டுக் காசில் வள்ளுவரையே இங்கிலீஷில் 'செயின்ட்' ஆக்கியிருந்தார்கள். 2009-ல் அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்து ஏறியது. அந்த மனுஷர் கையெழுத்துப் போட்டுத்தான் தமிழை உள்ளே நுழைக்க வேண்டியிருந்தது!

தமிழ்நாட்டில் பத்து ரூபாய் காயினுக்காகப் பெரிய போராட்டங்களும் நடந்திருக்கின்றன. 2022-ல் அரூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் ஆறு லட்ச ரூபாய்க்குப் பத்து ரூபாய் காயின்களாகவே மூட்டை கட்டிக்கொண்டு போய் சேலத்தில் கார் வாங்கினார். 2011 நாணயச் சட்டப்படி காசாகக் கொடுத்தால் ஆயிரம் ரூபாய் வரைக்கும்தான் சட்டப்பூர்வப் பணம். அந்த ஷோரூம்காரர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆனால் பத்து ரூபாய் டீக்கு ஒரு காயின் கொடுத்தால் அது முழுக்க முழுக்கச் சட்டம். அதைத்தான் வாங்க ஆளில்லை.

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். சீசன் தொடங்கும் ஜூன் மாதத்துக்கு முன்னால், தென்காசி பஸ் ஸ்டாண்டிலும் குற்றாலம் மெயின் அருவி வாசலிலும் ஒவ்வொரு டவுன் பஸ்ஸிலும் ஒரு தகடு மாட்டுங்கள். பதினான்கு பத்து ரூபாய்களும் அசல் அளவில், இரண்டு பக்கமும், தமிழில் 'இவை எல்லாம் செல்லும்' என்று ஒரு வரி. கீழே ரிசர்வ் வங்கியின் பெயர். இன்னொன்றும் சேர்க்கலாம். ஒவ்வொரு காசிலும் ஆண்டுக்குக் கீழே அக்கசாலை தன் கையெழுத்தைப் போட்டிருக்கிறது. வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், ஒற்றைப் புள்ளி இருந்தால் நொய்டா, எதுவுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. கோடு எண்ணிக்கொண்டிருக்கும் அந்த ரம்புட்டான் பாட்டிக்கு எண்ணுவதற்கு இன்னும் உருப்படியாக ஏதாவது கிடைக்கும்.