பட்டியலும் படமும் காலக்கோடும்: திவ்யதேச நிரலை இணையத்தில் அமைக்கும் முறை

நூற்றெட்டுத் திருப்பதிகளின் பெயர்களை நிரலாக இட்டு, ஒரு பெயரைச் சொடுக்கினால் வரைபடத்தில் அவ்விடமும், காலக்கோட்டில் அதனைப் பாடின ஆழ்வாரின் காலமும் தோன்றும்படி அமைப்பது இக்காலத்தில் இயல்வதாயிற்று. கற்பார்க்கு இதனால் விளையும் உபகாரம் பெரிது. திருநாங்கூர்ப் பதினொரு திருப்பதிகளும் ஒன்றுக்கொன்று எத்துணை அணித்தானவை என்பதை நூலில் கற்பவர் ஊகித்தறிய வேண்டும். படத்தில் காண்பவர் கண்ணாலே அறிகிறார். ஆயினும் பெயர் ஒன்றுக்குப் புள்ளி ஒன்று, ஆண்டு ஒன்று என்னும் கொள்கை இவ்வமைப்பின் அடியில் கிடக்கிறது. பூர்வர்கள் தந்த நிரல் அக்கொள்கைக்கு உட்படுமோ என்பதே ஆராயத்தக்கது.

முதலில் இடம். காஞ்சியில் நீரகம், ஊரகம், காரகம், கார்வானம் ஆகிய நான்கும் உலகளந்த பெருமாள் கோயில் ஒன்றினுள்ளே அமைந்தவை. அங்கே நான்கு பெயர்களும் ஒரு புள்ளியில் ஒன்றன்மேல் ஒன்றாய் மறையும். தொலைவில்லிமங்கலமோ இரட்டைத் திருப்பதி; கோயில் இரண்டு, எண்ணிக்கையில் ஒன்று. திருப்பாற்கடலுக்கும் பரமபதத்துக்கும் புள்ளியே இல்லை. புள்ளியில்லாமை பற்றி அவ்விரண்டையும் விட்டு நூற்றாறு காட்டும் படம், சேதநனுக்குப் பேறாகச் சொல்லப்பட்ட நிலத்தையே விட்டதாகும்.

அடுத்துக் காலம். முதலாழ்வார்கள் த்வாபரயுகத்திலும், நம்மாழ்வார் கலியின் தொடக்கத்திலும் அவதரித்தனர் என்பது குருபரம்பரைக் கொள்கை. வரலாற்றாய்வாளர் பலர் ஆழ்வார்களைக் கி.பி. 6ஆம் நூற்றாண்டுக்கும் 9ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் வைப்பர். இரண்டையும் கலந்து ஒரே கோட்டில் இடுவது இரண்டுக்கும் பிழையாகும். மேலும், ஐப்பசித் திருவோணம், அவிட்டம், சதயம், வைகாசி விசாகம் என்று திங்களும் நாளுமாகவே ஸம்ப்ரதாயம் ஆழ்வார்களை நினைக்கிறது. ஆண்டுதோறும் மீண்டு வரும் திருநக்ஷத்ரம் நேர்கோட்டில் ஒரு முறை நின்று கழிவதன்று.

வ்யாக்யானங்களுக்கும் இது ஒக்கும். ஈடு முப்பத்தாறாயிரப்படியை எக்காலத்தில் நிறுத்துவது? நம்பிள்ளை அருளிச்செய்த காலத்திலா, வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்தின காலத்திலா, மணவாள மாமுனிகள் நம்பெருமாள் திருமுன்பே காலக்ஷேபமாகச் சாதித்த காலத்திலா? ஒன்றையே குறித்தால் உபதேச பரம்பரை மறைந்து நூல் மட்டுமே எஞ்சும்.

எல்லாவற்றினும் நுட்பமானது மதுரகவியாழ்வார் திறம். அவர் பாடின பதினொரு பாசுரங்களில் குருகூர் வருகிறது. ஊர்ப்பெயரைத் தேடிப் புள்ளியிடும் பொறி, அவர் திருக்குருகூர்ப் பெருமாளை மங்களாசாஸனம் செய்ததாகக் காட்டும். அவரோ ஆசார்யனையன்றி மற்றோர் தெய்வமறியாது நின்றவர். அங்ஙனம் இட்ட புள்ளி இடத்தால் மெய்யாயினும் பொருளால் பொய். படத்தை மட்டும் கண்டு கற்பவன் ஆசார்யநிஷ்டையின் பெருமையையே இழப்பான்.

இதனால் இம்முறை கைவிடத்தக்கதன்று. இணைப்பின் வரிசையே மாறவேண்டும். திருப்பதி திவ்யதேசமானது ஆழ்வார் பாடியதனால். ஆகவே பெயரைச் சொடுக்கினால் முதலில் திறக்கவேண்டியது பாசுரம்; அதன்பின் வ்யாக்யானம்; அதன்பின்னரே படமும் காலமும். ஒரு பெயர் பல புள்ளிகளையும், பல பெயர்கள் ஒரு புள்ளியையும் கொள்ள இடமளிக்க வேண்டும். புள்ளியில்லாத இரண்டும் படத்துக்குப் புறத்தே நின்றாலும் பட்டியலில் தம் எண் இழவாதிருக்க வேண்டும். பரம்பரைக் காலமும் ஆய்வாளர் காலமும் தனித்தனிக் கோடுகளாக, இன்னது இன்னார் கொள்கை என்னும் குறிப்போடு நிற்கவேண்டும். திருநக்ஷத்ரங்களுக்குத் திங்கள் பன்னிரண்டும் கொண்ட வட்டம் ஒன்று வேறாக அமைதல் நலம்.

இடமும் ஆண்டும் பாசுரத்துக்குத் துணையாய் நிற்குமளவும் அவை நன்று. பாசுரம் அவற்றுக்குக் குறிப்புரையாகுமிடத்து, கற்பவன் ஊரை அறிந்து உகந்தருளின நிலத்தை அறியாதொழிவான்.