ஒரு மூலமும் பல கோலமும்

நூலொன்றை மதிப்பிடுவோர் அதன் பொருளையும் அணியையும் வேறு வேறாக வைத்து நோக்குதல் தமிழ் மரபுக்குப் புதியதன்று. இப்பாகுபாடு கணினித் திரையில் தோன்றும் இணையப் பக்கத்துக்கும் பொருந்துமோ என்னும் வினாவுக்குச் செய்து காட்டி விடை தந்தது தனிமனிதர் ஒருவரின் தளம். கனடாவின் வன்கூவர் நகர வடிவமைப்பாளராகிய டேவ் ஷே என்பார் 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட 'சீ.எஸ்.எஸ். சென் கார்டன்' என்பதே அது. இணைய வடிவமைப்பைக் கற்பித்த தளங்களுள் இதற்குத் தனியிடம் உண்டு. அவ்விடம் எத்துணைத் தகுதி பற்றியது என்பது ஆராயத்தக்கது.

இதன் அருமையை அறிதற்கு இதற்கு முன்னிருந்த நிலையை அறிதல் வேண்டும். 1991இல் சேர்ன் ஆய்வு நிலையத்தில் ரிம் பேணர்ஸ்-லீ முதற்றளத்தை அமைத்தபோது, எச்.ரி.எம்.எல். என்னும் குறிமொழி தலைப்பு எது, பந்தி எது, இணைப்பு எது எனச் சுட்டுதற்கே பயன்பட்டது. 1993 ஏப்ரல் 30ஆந் திகதி சேர்ன் இத்தொழினுட்பத்தை எவரும் கட்டணமின்றிக் கையாளலாம் என அறிவித்தது. அதன்பின் பலரும் பக்கம் எழுதப் புகுந்தனர். நிறமும் எழுத்துருவும் வேண்டியோர் அவற்றைப் பந்திதோறும் திரும்பத் திரும்ப எழுதினர். பக்கத்தைக் கூறுபடுத்த விரும்பியோர், தரவுகளுக்கென அமைந்த அட்டவணைகளை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கினர். நன்னூலார் நூற்குற்றம் பத்தனுள் ஒன்றாக எண்ணிய 'கூறியது கூறல்' அப்பக்கங்களில் மலிந்து கிடந்தது. ஹோக்கன் வியூம் லீ 1994இல் முன்மொழிந்து, 1996இல் நியமமாக ஏற்கப்பட்ட சீ.எஸ்.எஸ். இக்குற்றத்துக்கு மருந்தாயிற்று. தலைப்புகள் யாவும் நீலநிறம் பெறுக என ஓரிடத்தில் ஒருமுறை விதித்தால், அவ்விதி தளம் முழுவதையும் ஆளும். எனினும் உலாவிகள் இவ்விதிகளை ஒருபடித்தாக ஏற்றில. இவற்றால் ஆகும் பக்கங்கள் வறியன, அழகற்றன என்னும் எண்ணமும் வடிவமைப்பாளரிடையே வேரூன்றி நின்றது.

ஷே அவ்வெண்ணத்தை மறுத்து வாதிடவில்லை. ஓர் எச்.ரி.எம்.எல். கோப்பை எழுதி வைத்து, அதன்கண் யாதொன்றையும் மாற்றலாகாது என்றும், அணி விதிக்குங் கோப்பினை மாத்திரம் விரும்பியவாறு எழுதலாம் என்றும் வரையறுத்து, வல்லோரை அழைத்தார். 200க்கு மேற்பட்ட கோலங்கள் அப்பூங்காவில் இடம்பெற்றன. சொற்கள் அவையே, வரிசையும் அதுவே. ஆயினும் ஒன்றைக் கண்டு மற்றொன்றைக் காண்போர் இரண்டும் ஒரே கோப்பின் தோற்றம் என எளிதில் நம்பார்.

கற்போனுக்கு இதனால் விளைந்த பயன் பெரிது. விதிகளைத் தனித்தனியே விளக்கும் தளங்கள் சூத்திரம் போன்றன. இப்பூங்காவோ உதாரணம் போன்றது. சூத்திரத்தை மனனஞ் செய்தவன் அதன் ஆட்சியை உதாரணத்திலேயே உணர்கிறான். மேலும், ஒவ்வொரு கோலத்தின் விதிக்கோப்பும் எவரும் திறந்து படிக்குமாறு உடன் வைக்கப்பட்டிருந்தது. கைவினைஞனின் பட்டறைக் கதவு திறந்திருந்தமையே இதன் தலையாய சிறப்பெனலாம்.

இனி, குறைகளும் உள. பொருளும் அணியும் முற்றாகப் பிரிந்தன என்னும் கொள்கையை அம்மூலக் கோப்பே முழுமையாக நிலைநாட்டவில்லை. அதன் இறுதியில், பொருளெதுவும் இல்லாத ஆறு வெற்றுப் பெட்டிகள் வடிவமைப்பாளரின் வசதிக்கென்றே வைக்கப்பட்டன. பொருளுக்கென எழுந்த கோப்பினுள் அணியின் தேவை முன்னரே புகுந்துவிட்டமைக்கு இவை சான்று. தலைப்புச் சொற்களை மறைத்து அவற்றினிடத்து எழுத்தோவியங்களை வைத்தமை மற்றொரு குறை. அவ்வழகு எழுத்தின் அழகன்று, படத்தின் அழகே. இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. பிறர் எழுதிய மாறாத பொருளுக்கு அணி புனையும் பயிற்சியையே இப்பூங்கா அளித்தது. தன் பொருளைத் தானே ஒழுங்குபடுத்தி எழுதும் பயிற்சி இதன் எல்லைக்குப் புறம்பானது.

அப்பயிற்சியை அளித்தவை எளியோரின் தனித்தளங்களே. 1994இல் தோன்றிய ஜியோசிற்றீஸ், பொதுமக்களுக்குக் கட்டணமின்றி இடம் அளித்தது. அங்கெழுந்த பக்கங்களுட் பல கண்ணை உறுத்தும் நிறமும் ஓயாது அசையும் படமும் உடையன. எனினும் அவற்றை ஆக்கியோர் அயலாரின் மூலத்தைப் பார்த்து, படியெடுத்து, பிழைவிட்டு, திருத்திக் கற்றனர். 1999இல் அதனை வாங்கிய யாகூ நிறுவனம் 2009 ஒக்ரோபரில் ஐக்கிய அமெரிக்கச் சேவையை மூடியபோது, தன்னார்வலர் முயன்று படியெடுத்தவை எஞ்சின. ஏனையவற்றுட் பல அழிந்தன. பிறர் நிலத்திற் கட்டிய வீட்டின் இயல்பு அதுவே.

இன்று பெரும்பாலோர் பெருநிறுவனங்கள் வகுத்த ஒரே சட்டகத்துள் எழுதுகின்றனர். அங்கே பொருள் எழுதுவோருடையது, அணியோ நிறுவனத்துடையது. பெருந்தளங்களின் மூலமும் பொறியாற் சுருக்கப்பட்டு, கற்போன் படித்தறிய இயலாததாய்விட்டது. 2013இல் தோன்றிய நியோசிற்றீஸ் போன்ற முயற்சிகளும், அவ்வாண்டிலேயே பத்தாம் ஆண்டு நிறைவையொட்டிப் புதுக்கப்பட்ட ஷேயின் பூங்காவும் இப்போக்குக்கு மாறாக நிற்பன.

ஆகவே, அப்பூங்காவின் பெருமை அதன் கோலங்களின் எழிலில் மாத்திரம் அடங்குவதன்று. அக்கோலங்களுட் சில மேசைக் கணினியின் திரையளவுக்கே அமைந்து, கைப்பேசிக் காலத்திற் பழமை எய்திவிட்டன. ஆக்கியோன் தன் வினையை மறையாது வைத்தல், கற்போன் அதனைக் கண்டு தானும் ஆக்கத் துணிதல் என்னும் இரண்டையும் இணைத்தமையே அதன் நிலைத்த பயன். அதனை வியந்து பார்த்தவனிலும், அதன் மூலத்தைத் திறந்து படித்துத் தன் பக்கத்தைத் தானே எழுதத் தொடங்கியவனே அதன் உண்மையான வாசகன்.