சாயம் படிந்த வடி

டிக்கோயா வார்லி தேவாலயத்தின் வர்ணக் கண்ணாடி ஜன்னல்களின் அழகை யாரும் மறுப்பதற்கில்லை. 1878இல் எழுந்த கட்டிடம் அது. சுற்றியுள்ள கல்லறைகளில் துரைமார் துயில்கிறார்கள். அவர்களின் நினைவுக்கு ஒளியும் வர்ணமும் கிடைத்தன. கொழுந்து பறித்தவர்களின் நினைவுக்கு எது கிடைத்தது?

ஹனுஷா சோமசுந்தரத்தின் படைப்புகளை இந்தக் கேள்வியோடுதான் நான் அணுகுகிறேன். மலையகத் தோட்டக் குடும்பத்தில் பிறந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரம் பயின்றவர். அவருக்குக் கண்ணாடி இல்லை. தேயிலைச் சாயமும் தேநீர்ப் பையும் வடியும் இருக்கின்றன. அவற்றுள் வடிதான் என்னை நிறுத்தியது. நல்ல சாயம் கீழே இறங்கி யாருடைய கோப்பைக்கோ போய்விடும். சக்கைதான் மேலே தங்கும். அந்த இடத்தில் தோட்ட மக்களின் வாழ்வை வைத்துக் காட்டும்போது விளக்கவுரை தேவைப்படுவதில்லை.

இதே வழியில் நடந்த பெரியவர் ஒருவர் மேற்கு ஆபிரிக்காவில் இருக்கிறார். 1944இல் கானாவில் பிறந்த எல் அனட்சுய், 1975இல் நைஜீரியாவின் நுசுக்கா பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கப் போய் அங்கேயே பல்லாண்டு வாழ்ந்தவர். (நம்மைப் போல வாத்தியார்தான்!) எறியப்பட்ட மதுப் போத்தல் மூடிகளைத் தட்டித் தட்டையாக்கி, செப்புக் கம்பியால் கோத்துச் சுவரளவு திரைகளாக்குகிறார். தூரத்தில் நின்றால் கானாவின் கெந்தே துணி மின்னுவதுபோல் இருக்கும். அடிமை வியாபாரத்தோடு சேர்ந்து புழங்கிய சரக்கு மது. பாரம்பரியத்தை அவர் பொருளுக்கு மேலே வரையவில்லை, பொருளுக்குள்ளிருந்தே எடுத்தார். 2015இல் வெனிஸ் விழாவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் அவருக்குக் கிடைத்தது.

தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்து, 1948இன் சட்டத்தால் பிரசாவுரிமை இழந்த சமூகத்தின் வாரிசு தேயிலையைத் தொடுவதிலும் அந்த வலு உண்டு. ஆனால் ஓர் ஆபத்தையும் சொல்லவேண்டும். சாயக்கறை தன்னளவில் அழகானது. பழைய புகைப்படத்தின் நிறம் அதற்கு. அந்த மங்கல் மட்டும் மிஞ்சினால் கொழும்பு வரவேற்பறைக்கு ஏற்ற சோக அலங்காரமாகிவிடும். வடிக்கு அந்த ஆபத்துக் குறைவு. அது பாத்திரம் என்பதைக் கண் மறப்பதில்லை.

தோட்டப் பாடசாலையில் “உங்கள் ஊரை வரையுங்கள்” என்றால் பிள்ளைகள் நீர்வீழ்ச்சியையும் பங்களாவையும் வரைகிறார்கள். லயத்தை வரைபவர் அரிது. ஹனுஷாவின் வடிகள் அப்படியொரு பாடசாலை மண்டபத்தில் தொங்கினால், முதலில் சிரிப்பார்கள். அவரவர் வீட்டு அடுப்படியில் தொங்கும் சாமான்தானே. பிறகு கிட்டப் போய்ப் பார்ப்பார்கள்.