வெயில் தாங்கும் மருந்து

ரைபிள் தோட்டாவில் அடைத்த மருந்து சூடேறினால் விரைவாக எரியும். குளிர்ந்தால் தணிந்து எரியும். சுட்ட பித்தளைக் கூட்டில் தாமே மருந்து அடைத்துக்கொள்பவர்களிடம் இப்போது ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் முல்வாலாவில் தயாராகி ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் பெயரில் விற்பனையாகும் வார்கெட், எச்4350 போன்ற மருந்துகளுக்கு வெப்பம் ஒரு பொருட்டே அல்ல. அளவை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் எல்லாப் பருவத்துக்கும் அதுவே போதும் என்கிறார்கள்.

இதில் உண்மை இருக்கிறது. பழைய மருந்துகள் பலவற்றில் பாரன்ஹீட் பாகை ஒன்றுக்குத் தோட்டாவின் வேகம் நொடிக்கு ஓரடி, சிலவற்றில் இரண்டடிகூட மாறும். புதியவற்றில் பெரும்பாலும் அரையடிக்குள் அடங்கிவிடும். கேமரன் மலையின் கியா பார்மில் விடியற்காலை 15 பாகை செல்சியஸ், அடிவாரத்துத் தாப்பாவில் நண்பகல் 33 என்று வைத்துக்கொள்ளலாம். (கணக்குக்கு மட்டும்தான், உரிமமின்றித் தோட்டா செய்ய மலேசியச் சட்டம் இடம் தராது.) பழைய மருந்தில் இது 30 முதல் 60 அடி வேக மாற்றம், புதியதில் 16 அடிக்குள். 300 மீட்டர் இலக்கில் அந்த அறுபதடிகூட ஓரிரு அங்குலம்தான். மலைக்காற்று பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது என்பதால், இலக்கில் விழுந்த இடத்தை மட்டும் பார்ப்பவருக்கு எது மருந்தின் வேலை, எது காற்றின் வேலை என்று பிரித்தறியவே முடியாது.

இந்த மருந்துகளின் புகழ் முழுக்க வேகமானி தந்தது. குறையும் அங்கேதான். தோட்டா பெறும் வேகம், குழல் நெடுகக் கிடைத்த உந்தலின் மொத்தக் கூட்டு. உச்ச அழுத்தமோ ஒரு கணத்தின் கணக்கு. சூடான மருந்து முன்னதாகவே கொழுந்துவிட்டு எரியும்போது தோட்டா அதிகம் நகர்ந்திருக்காது. வாயு விரிய இடம் போதாமல் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எரிதலை இன்னும் முடுக்கும். அதனால் வேகம் நூற்றுக்கு ஒன்று கூடும் இடத்தில் உச்ச அழுத்தம் இரண்டோ மூன்றோ கூடிவிடுகிறது. துப்பாக்கியைச் சேதப்படுத்துவது இந்த இரண்டாவது எண். வீட்டு வேகமானி அதைக் காட்டாது.

சோதனையில் குறித்துவைக்கும் வெப்பமும் பெரும்பாலும் காற்றின் வெப்பமே. வெயிலில் கிடக்கும் பெட்டியும் நிறுத்திவைத்த காரும் அதைவிட வெகுவாகச் சூடாகும். பத்துப் பன்னிரண்டு முறை சுட்ட குழலில் ஏற்றிய தோட்டாவை உடனே சுடாமல் விட்டுவைத்தால், உள்ளிருக்கும் மருந்து வெந்தே போகும். மேலும், ஒரு கூட்டில் அசையாத மருந்து வேறு கூட்டிலும், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் வேறானாலும் அசையாது என்பதற்கு உறுதியில்லை. டப்பாவில் அச்சிட்ட பெருமைக்கு இதெல்லாம் தெரியாது.

பழைய பிரிட்டிஷ் துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் இந்த விஷயத்தில் விவரமானவர்கள். 1903இல் குளிர்ந்த நீலகிரியின் அருவங்காட்டில் தொழிற்சாலை கண்ட கார்டைட், வெப்பத்துக்கு எளிதில் ஆடும் மருந்து. அதை மாற்ற முடியாதவர்கள் அதற்கு இடம் விட்டார்கள். 1898இல் ஜான் ரிக்பி கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ், பெரிய கூட்டில் தாழ்ந்த அழுத்தத்தோடு இயங்கியது. வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்து அடைத்த தோட்டாக்களும் விற்பனைக்கு வந்தன.

அப்படி விட்ட இடத்தைத்தான் இன்றைய மோகம் தின்கிறது. மருந்து அசையாது என்ற துணிவில் குளிர்காலத்திலேயே அளவை உச்சம்வரை ஏற்றிவிடுகிறார்கள். கோடையில் அழுத்தம் ஏறித் துப்பாக்கியின் போல்ட் இறுகித் திறக்க மறுத்தால், பழி கூட்டின் மேலோ பிரைமர் மேலோ விழுகிறது.