நாக்கில் நிற்கும் ஏழு கடல்

உப்பு, கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர். விஷ்ணு புராணம் ஏழு கடல்களை அடுக்கும் வரிசை இது. மெதுவாக, உரக்கச் சொல்லிப் பாருங்கள். உப்பின் கரிப்பு அடங்குமுன் கரும்பின் தித்திப்பு, பின்னாலேயே கள்ளின் புளிப்பு, உருக்கிய நெய்யின் மணம், தயிரின் குளிர்ச்சி, பாலின் இதம். கடைசியில் வாய் கொப்பளிக்க நல்ல தண்ணீர்! ஒவ்வொரு கடலும் ஒரு தீவை வளையமாகச் சூழ்ந்திருக்கிறது. நாம் வாழும் நாவலந்தீவுக்கு வாய்த்தது உப்புக் கடல்.

கதை சொல்லும் பாட்டிமார் "ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி" என்று குரலை இழுக்கும்போது, அந்தத் தூரம் முழுவதும் குழந்தையின் காதுக்குள் வந்துவிடும். கடலே இல்லாத மதுரையில்கூட எழுகடல் தெரு உண்டு. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை நீராட ஏழு கடலும் அங்கே வந்ததாகத் திருவிளையாடல் கதை. கண்ணுக்கு எட்டாத பெருநீரை அடுப்படியில் புழங்கும் பொருள்களால் எண்ணி, எழுத்தறியாதவருக்கும் மனப்பாடமாக்கியது அருமையான கைத்திறன். பிள்ளைகளுக்கு விரல் மடக்கிச் சொல்லித்தர இதைவிட ருசியான கணக்கு வேறு என்ன இருக்கிறது?