மலையின் கோடுகளை ஓடிப் படித்தல்

ஓரியன்டீரிங் ஓட்டக்காரர் ஒருவரைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்தால் அவருடைய கட்டைவிரலைக் கவனியுங்கள். மடித்துப் பிடித்த வரைபடத்தில், தாம் இப்போது நிற்கும் இடத்துக்கு நேரே அந்த விரல் பதிந்திருக்கும். அவர் ஓட ஓட விரலும் தாளின் மேல் ஊரும். பாதை முடக்கில் உடல் வலப்பக்கம் திரும்பினால் கை படத்தை இடப்பக்கம் திருப்பிவிடும். படத்தின் வடக்கு நிலத்தின் வடக்கை விட்டு ஒருபோதும் விலகாது. பழகிய கைக்கு இதற்கு யோசனையே வேண்டாம். அந்த ஓர் அசைவுக்காகவே இந்த விளையாட்டை நான் நேசிக்கிறேன்.

விதிகள் எளியவை. படத்தில் ஊதா முக்கோணம் தொடக்கம், இரட்டை வட்டம் முடிவு, இடையில் எண்ணிட்ட வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் செம்மஞ்சளும் வெள்ளையுமான ஒரு கொடி நிலத்தில் காத்திருக்கும். வரிசை பிசகாமல் எல்லாவற்றையும் தொட்டு வர வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது ஓடுபவர் பாடு. சுவீடன் இராணுவப் பயிற்சியில் முளைத்து, 1897இல் நோர்வேயில் பொதுப் போட்டியாகி, 1919இல் ஸ்டொக்ஹோமுக்கு அருகே ஏர்ன்ஸ்ட் கில்லாண்டர் நடத்திய போட்டிக்குப் பின் வேர் பிடித்த கலை இது. பனி உருகும் வசந்தத்தில் அந்த நாடுகளின் கழகங்கள் ஒரு வாரம் முகாம் போட்டு, குளிர்காலத்தில் மழுங்கிய படவாசிப்பைத் தீட்டிக்கொள்வது வழக்கம்.

அப்படியொரு வாரத்துக்கு நம் இலங்கையில் இடம் தேடினால் நான் ஹேவாஹெட்டயைத்தான் சொல்வேன். இங்கே உருகப் பனி இல்லை. ஆனால் மார்ச் நடுவிலிருந்து சித்திரைப் புத்தாண்டு வரை, இரண்டு பருவமழைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி உண்டு. விடியற்காலையில் எதிர்மலையின் ஒவ்வொரு மடிப்பும் துலக்கமாகத் தெரியும். முள்முருக்கு சிவந்திருக்கும். மத்தியானம் கழிந்தால் இடி முழங்கும். ஆகவே வெள்ளாப்பில் ஓடி, வெயில் ஏறுமுன் இறங்கி, மழை கொட்டும் நேரத்தில் படத்தை விரித்து உட்கார வேண்டும். ஓட்டத்துக்கும் படிப்புக்கும் நேரத்தை வானமே பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

கண்டியிலிருந்து தலாத்துஓயா, மாரஸ்ஸன வழியாக ஏறும் பாதை ஹேவாஹெட்டக்கு வருகிறது. கலஹா, தெல்தோட்டைப் பக்கமாக ஏறினால் லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் வணிகத்துக்காகத் தேயிலை நட்ட மலை அது. ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ நடைபாதை இன்று இந்த வழியாகத்தான் போகிறது. நடப்பவர்களுக்கு அது அருமையான பாதை. ஆனால் அடையாளம் இட்ட பாதை ஓரியன்டீரிங் ஓட்டக்காரருக்கு அரைச் சாப்பாடுதான். வழியைத் தேர்ந்தெடுக்கும் இன்பம் அதில் கிடைக்காது.

சமவுயரக் கோடு எங்கள் பிள்ளைகளுக்குப் புதியதல்ல. புவியியல் பாடத்தில் இடவிளக்கப்படத்தைப் பார்த்துச் சுவடு எது, பள்ளத்தாக்கு எது என்று எழுதியவர்கள்தாம். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலப் படத்தில் அந்தக் கோடுகள் நூறு அடிக்கு ஒன்றாக ஓடும். ஓரியன்டீரிங் படம் பெரும்பாலும் 1:15,000 அல்லது 1:10,000 அளவில், ஐந்து மீற்றருக்கு ஒரு கோட்டுடன் வரும். நூறு அடி இடைவெளிக்குள் ஒளிந்துகொள்ளும் மேடும் பள்ளமும் ஐந்து மீற்றர் கோட்டில் முகம் காட்டிவிடும். ஒரு பீலியின் வளைவு, ஒரு பாறையின் முதுகு, இரண்டு சுவடுகளுக்கு நடுவே தண்ணீர் இறங்கும் சிறு மடிப்பு என்று எல்லாம் தெரியும்.

தேயிலை மலையில் இந்தக் கோடுகள் நிலத்திலேயே கிடக்கின்றன. மண் அரிக்காமல் இருக்க, மிகச் சிறிய சரிவோடு மலையைச் சுற்றி வெட்டிய கான்கள் சமவுயரக் கோட்டை ஒட்டியே ஓடுகின்றன. தண்டுத் துண்டிலிருந்து வளர்த்துப் புதிதாக நட்ட வீ.பி. தேயிலையின் நிரைகளும் பெரும்பாலும் அப்படித்தான். பழைய வண்டிப் பாதை ஒவ்வொரு சுவட்டிலும் வெளியே வளைந்து, ஒவ்வொரு ஓடையிலும் உள்ளே மடங்கும். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும், இப்போது ஓடைக்குள் வந்துவிட்டோம் என்று கால் சொல்லும். இந்தக் கான்களும் பாதையும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் மண்வெட்டியால் வெட்டியவை. அவர்கள் வழிவந்தவர்கள்தாம் 1940 ஜனவரியில் இதே பக்கத்து மூலோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நின்றார்கள். அந்த வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் இறந்தார். இந்த மலையில் ஓட வருகிறவர் அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டு ஓட வேண்டும் என்பது என் விருப்பம்.

வாரத்தின் பயிற்சிகளில் எனக்கு மிகப் பிடித்தது, சமவுயரக் கோடுகளின் பழுப்பு நிறத்தை மட்டும் விட்டுவைத்த படத்தோடு ஓடுவது. பாதை இல்லை, ஓடை இல்லை, லயம் இல்லை, ஸ்டோர் இல்லை. தாளில் பழுப்புக் கோடுகள் மட்டுமே நெளியும். முதல் சில நிமிடங்கள் குருடாக இருப்பது போலத்தான் தோன்றும். பிறகு மூக்கு மூக்காக நீளும் கோடுகள் சுவடுகளாக எழும்பும். உள்ளே குழிந்தவை பள்ளமாக இறங்கும். நெருங்கிய கோடுகளைக் கண்டதும் தொடைத் தசை முன்கூட்டியே இறுகும். இந்தப் பயிற்சிக்குப் பிறகு முழுப் படத்தைக் கையில் வாங்கினால் பாதைகளெல்லாம் உபரியாகத் தெரியும். நல்ல ஓட்டக்காரர் பாதையை நம்பி ஓடுவதில்லை, நிலத்தின் வடிவத்தை நம்பி ஓடுகிறார்.

திசைகாட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இது தனிக் கதை. பூமியின் காந்தக் கோடுகள் ஸ்கண்டினேவியாவில் 70 பாகைக்கும் மேலான சாய்வில் நிலத்துக்குள் இறங்குகின்றன. ஊசியின் வட நுனி கீழே இழுபடாமல் இருக்க, அங்கே செய்யும் ஊசிகளின் தென்பக்கத்துக்குக் கொஞ்சம் எடை சேர்ப்பார்கள். அந்தக் கோடுகள் சாயாமல் கிடையாக ஓடும் காந்த நடுக்கோடு நமக்கு மிக அருகில் போகிறது. 1963இல் இந்தியா கேரளத்துத் தும்பாவில் ரொக்கெட் தளம் அமைத்ததும் அந்த நடுக்கோட்டின் அருகாமைக்காகத்தான். இங்கே வட நுனியை இழுக்க ஒன்றும் இல்லாததால், வடக்கு ஐரோப்பாவுக்கென்று செய்த ஊசியின் தெற்கு நுனி சாய்ந்து பெட்டியின் அடியில் உராயும். ஓடும்போது அது தடுமாறும். எனவே விலையைப் பார்ப்பதற்கு முன், எந்த வலயத்துக்கு எடை சமன் செய்த ஊசி என்று பார்த்து வாங்க வேண்டும். படத்தின் வடக்குக் கோடுகள் காந்த வடக்கையே காட்டுவதால் வேறு திருத்தம் எதுவும் தேவைப்படாது.

தேயிலைக்குள் புகுந்து ஓடுவது கூடாது. தூரும் கிளையும் காலைக் கிழிக்கும் என்பது ஒரு காரணம். அது பலரின் அன்றாடச் சோறு என்பது அதைவிடப் பெரிய காரணம். ஓரியன்டீரிங் குறியீடுகளில் திராட்சைத் தோட்டத்துக்கென்று ஒரு குறி இருக்கிறது. மஞ்சள் தரையில், நிரை ஓடும் திசையிலேயே பச்சைச் சிறு கோடுகள். தேயிலைக்கும் அதுவே அழகாகப் பொருந்தும். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, மருந்தடிக்கும் மலை எது, கவ்வாத்து நடக்கும் மலை எது, குளவிக் கூடு எங்கே என்று முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். குளவிக் கொட்டால் கொழுந்து பறிப்பவர்கள் உயிரிழந்த செய்திகளை மலையகத்தில் எத்தனையோ முறை வாசித்துவிட்டோம்.

போட்டி வழித்தடத்தின் மொத்த ஏற்றம், மிகக் குறுகிய நியாயமான வழியின் நீளத்தில் 4 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச வழிகாட்டல். ஹேவாஹெட்டயில் அதற்குள் அடங்குவதற்குப் படாத பாடு பட வேண்டும். பயிற்சிக்கு அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. சொல்லப்போனால் வழித் தேர்வின் சுவை ஏற்றத்தில்தான் பிறக்கிறது. இப்படி ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். வண்டிப் பாதையின் முடக்கிலிருந்து எதிர்ச் சுவட்டின் பாறைக்குப் போக வேண்டும். நேரே குறுக்கில் இறங்கி ஓடையைத் தாண்டி ஏறினால் 600 மீற்றர் தூரம், 90 மீற்றர் ஏற்றம். பாதையைச் சுற்றிப் போனால் 1,500 மீற்றர், ஏறக்குறைய சமதளம். ஒரு மீற்றர் ஏற்றத்துக்கு எட்டு மீற்றர் சமதள ஓட்டம் என்று கணக்கிட்டால் குறுக்கு வழி 1,320 மீற்றருக்குச் சமம். தாளில் குறுக்கு வெல்கிறது. ஆனால் வழுக்கும் இறக்கத்தில் படத்தைப் பார்க்க முடியாது. சமதளத்தில் ஓடுகிறவர் அடுத்த இரண்டு வட்டங்களையும் வாசித்து முடித்திருப்பார். நானாக இருந்தால் சுற்றித்தான் போவேன்.

ஓடி முடித்ததும் ஒவ்வொருவரும் தாம் வந்த வழியைப் பேனாவால் படத்தில் வரைந்து, சுற்றி நின்று வாதிடுவது இந்த விளையாட்டின் மரபு. ஹேவாஹெட்டயில் ஒரு நாள் இதே கட்டத்தைப் பற்றி வாதம் முற்றியிருந்தபோது, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஓர் அக்கா எட்டிப் பார்த்தார்.

"எங்க தம்பி போகணும்?"

எதிர்ப் பாறையைக் காட்டினோம்.

"அதுக்கு ஏன் கீழ எறங்குறீங்க? நடுக் கானோட போனா சின்னப் பாலம் ஒண்ணு இருக்கு. நாங்க அப்படித்தான் போவோம்."

போய்ப் பார்த்தோம். இரண்டு கிரவீலியா மரங்களுக்குப் பின்னால், கானின் ஓரமாக ஓர் அடி அகலத்தில் ஒற்றையடிப் பாதை. ஓடையின் மேல் பலகை ஒன்று. குறுக்கு வழியைவிடக் குறைந்த ஏற்றம், சுற்று வழியைவிடக் குறைந்த தூரம். அன்று மாலை மழை விடுமுன்னரே அந்தப் பாதையைக் கறுப்புப் புள்ளிக்கோடாகப் படத்தில் சேர்த்து, மறுநாள் ஓட்டத்துக்கு அச்சிட்டோம்.