மௌஸ் பிடித்து பூமியைக் காப்பாற்றுதல்

போன வாரம் ஒரு ராத்திரி, தூக்கம் வராமல் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். எம்.ஐ.டி.யின் மேலாண்மைப் பள்ளியும் கிளைமேட் இன்டராக்டிவ் அமைப்பும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட 'என்-ரோட்ஸ்' என்கிற சிமுலேட்டரில். இலவசம். பிரவுசரிலேயே ஓடும். நிலக்கரிக்கு வரி, கார்பனுக்கு விலை, மின்சார வாகனம் என்று வரிசையாக ஸ்லைடர்கள். தள்ளத் தள்ள, 2100-ல் பூமி எத்தனை டிகிரி சூடேறியிருக்கும் என்ற எண் மாறுகிறது.

மரம் நடுவதை முழுசாகத் தள்ளிப் பாருங்கள். எண் அசைந்ததா என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்க்கவேண்டும். கார்பன் விலையை ஏற்றினால் நன்றாகவே இறங்குகிறது. விழா எடுத்து மரக்கன்று நடுகிற மந்திரிகள் எல்லா நாட்டிலும் இதைப் பார்க்கலாம். இதன் அண்ணனான 'சி-ரோட்ஸ்', 2009 கோபன்ஹேகன் மாநாட்டு சமயத்தில் நாடுகளின் வாக்குறுதிகளைக் கூட்டிப் பார்த்து 'போதாது' என்று சொன்னது. வாய்ச்சொல்லையும் கணக்கையும் பிரித்துக் காட்டுவதில் இரண்டும் கெட்டி.

என் குறை வேறு. என்-ரோட்ஸில் உலகம் மொத்தமும் ஒரே நாடு. ஸ்லைடரைப் பிடிப்பது ஒரே கை. நிஜத்தில் இருநூறு கைகள், ஆளுக்கொரு திசையில் இழுக்கின்றன. 'யார் வீட்டுக் காசு?' என்பதற்கு ஸ்லைடர் கிடையாது. சி-ரோட்ஸ் பரவாயில்லை, நாடுகளைப் பிரிக்கிறது. இந்தியாவுக்குத் தனி இடம் உண்டு. அதை வைத்து நடத்தும் மாதிரிப் பேச்சுவார்த்தையில் ஏழை நாடுகளாக நடிப்பவர்களைத் தரையில் உட்காரவைக்கிறார்கள். சாஃப்ட்வேரில் சொல்ல முடியாததைத் தரை சொல்லிவிடுகிறது.

பேச்சுவார்த்தையையே கம்ப்யூட்டருக்கு மாற்றினால்? அதையும் பார்த்தாயிற்று. கோவிட் காரணமாக 2021 மே 31 முதல் ஜூன் 17 வரை ஐ.நா. காலநிலைக் கூட்டம் இன்டர்நெட்டில் நடந்தது. ஒருவருக்குப் பகல், இன்னொருவருக்கு நடுராத்திரி. நெட் அறுந்தால் அந்த நாட்டின் பேச்சும் அறுந்தது. முறையான முடிவு எதுவும் எடுக்கவில்லை. நவம்பரில் கிளாஸ்கோவில் நேரில் கூடினார்கள். கடைசி நிமிஷத்தில், இந்தியா கேட்டு, நிலக்கரியைப் 'படிப்படியாக ஒழிப்பது' என்பது 'படிப்படியாகக் குறைப்பது' ஆயிற்று. தலைமை வகித்த அலோக் சர்மா மேடையிலேயே தழுதழுத்தார். இந்த ஒரு வார்த்தைக்கு எந்த ஸ்லைடரைத் தள்ளுவது?

எல்லா தேசத்துக் குழுவும் இந்த சிமுலேட்டரைக் கையோடு எடுத்துப் போகட்டும். கணக்கைப் பற்றிய சண்டை மிச்சமாகும். பாக்கிச் சண்டைக்கு எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் ஆகவேண்டும். தரையில் இருப்பவருக்கும் ஒன்று.